வலது பக்கம் திரும்பும் நிழல்

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தது முதல் பாய்ச்சல், சக்கரத்தைக் கண்டுபிடித்தது இரண்டாவது பாய்ச்சல், உலகக் குழந்தைகளைச் சலிப்பிலிருந்து நிரந்தரமாக விடுவிப்பதே மூன்றாவதும் இறுதியுமான பாய்ச்சல், அது இன்று இந்த அரங்கில் நிகழ்கிறது என்று குதூகலம் ஸ்டூடியோவின் தலைவர் டாக்டர் கஜேந்திரன் கண்களை மூடிக்கொண்டு சொன்னார். கண்களைத் திறந்தபோது, அரங்கிலிருந்த நாற்பது பேரில் முப்பத்தெட்டுப் பேர் வடைத்தட்டு வரவேண்டிய கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் தூங்கிவிட்டிருந்தார். மிச்சமிருந்த ஒருவர் சற்குணம். அவர் மட்டும் டாக்டரின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாயிலிருந்து அடுத்து வரப்போவது தன் கதையின் முடிவைப் பற்றியதாக இருக்கும் என்று அவருக்குத் தெரியும்.

அப்படியே வந்தது.

"ஒரே ஒரு சின்ன விஷயம். படத்தோட முடிவு. கவிஞர் கொஞ்சம் மனசு வைக்கணும்."

சற்குணம் கவிஞர் இல்லை. 'பம்பரன்' என்ற தொலைக்காட்சித் தொடருக்கு நான்கு வருடமாக வசனம் எழுதுகிறவர். கார்ட்டூனுக்கு வசனம் எழுதுகிறவரை என்னவென்று கூப்பிடுவது என்று டாக்டருக்குத் தெரியாததால் கவிஞர் ஆக்கிவிட்டார். டாக்டர் எந்தத் துறையில் டாக்டர் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே இருவரும் சரிக்குச் சரி.

பம்பரன் ஒரு சிறுவன். இடுப்பில் கயிற்றைச் சுற்றி இழுத்துவிட்டால் பம்பரமாகி மணிக்கு ஆயிரம் மைல் வேகத்தில் சுழன்று வில்லன்களைச் சிதறடிப்பான். முக்கிய வில்லன் துரு டாக்டர், பார்க்கிற இரும்பையெல்லாம் துருப்பிடிக்க வைக்கிறவர். முந்நூற்றுப் பன்னிரண்டு பகுதிகளிலும் கடைசி நிமிடம் ஒன்றேதான். பம்பரன் சுழற்சி தளர்ந்து, தள்ளாடி, சாய்ந்து விழுவான். ஊர்க் குழந்தைகள் சுற்றி நின்று ஒன்று முதல் ஐந்து வரை எண்ணுவார்கள். ஐந்தில் அவன் துள்ளி எழுந்து சொல்வான்: "விழுந்துட்டேன்னு நெனச்சியா? சும்மா படுத்திருந்தேன்!"

தமிழ்நாட்டில் ஆறு வயதுக்கு மேற்பட்ட எந்தக் குழந்தையையும் காலையில் எழுப்ப முடியாமல் போனதற்கு இந்த வசனமே காரணம் என்று ஒரு பெற்றோர் சங்கம் மனுக் கொடுத்தது.

இப்போது தொடர் திரைப்படமாகிறது. 'பம்பரன்: பிரபஞ்சத்தின் கடைசிச் சுழற்சி.' துரு டாக்டர் பூமியின் அச்சையே துருப்பிடிக்க வைத்துவிடுகிறார். பூமி நின்றுவிடுகிறது. பம்பரன் தன் சுழற்சி முழுவதையும் பூமிக்குக் கொடுத்து அதை ஓடவிடுகிறான். பிறகு விழுகிறான். குழந்தைகள் ஐந்துவரை எண்ணுகிறார்கள். அவன் எழவில்லை. மறுபடி எண்ணுகிறார்கள். எழவில்லை. ஒரு சின்னப் பெண் அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். பூமி சுற்றிக்கொண்டிருக்கிறது. படம் முடிகிறது.

சற்குணம் எழுதிய முடிவு அது. பதினொரு மாதமாக அதை மாற்ற மாட்டேன் என்று நின்றுகொண்டிருந்தார். எழுத்தாளரின் கையெழுத்து இல்லாமல் கதையை மாற்றக்கூடாது என்று ஒரு சட்டம் தப்பித்தவறி இருந்தது.

"பற்பசைக் கம்பெனிக்காரர் கேட்கிறாரு," என்றார் டாக்டர். "ஹீரோ எழுந்திருக்கலேன்னா பல்லை எப்படிக் காட்டுவான்?"

"காட்ட வேண்டாம் சார்."

"கவிஞரே, உங்க பிடிவாதத்துக்கு நான் தலை வணங்குறேன். ஆனா நிழல்கள் வணங்காது. சோக அளவு எழுபதைத் தாண்டுது. அம்பதுக்கு மேல போனா நான் ஒப்புக்க முடியாது. போய் நீங்களே உங்க கண்ணால பாருங்க."

அப்போது வடை வந்துவிட்டது. மூன்றாவது பாய்ச்சல் அத்துடன் ஒத்திவைக்கப்பட்டது.

*

சோதனை அறை ஏழாவது மாடியில் இருந்தது. அதன் கதவில் பம்பரன் விரலை ஆட்டியபடி நிற்கும் படம். கீழே, 'குழந்தைகளுக்கு அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது. முன்பெல்லாம் நிஜக் குழந்தைகளை அழைத்து வந்துதான் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். ஒரு குழந்தை கம்பளத்தில் வாந்தியெடுத்தது. இன்னொன்று டாக்டரைப் பார்த்து, "துரு டாக்டர் வந்துட்டாரு" என்று கத்தியது. அதற்குப் பிறகு குழந்தைகளே இல்லாமல் குழந்தைகளுக்குப் படம் காட்டும் முறை அமலுக்கு வந்தது.

அறையைக் கவனித்துக்கொண்டவள் தஸ்லிமா. ஆம்பூர்க்காரி. திரைக்கு முன்னால் ஒரே ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள்.

"என்னம்மா, கூட்டம் எப்படி?" என்றார் சற்குணம்.

"நாலாயிரத்துத் தொண்ணூத்தாறு பேர் சார். அரங்கு நிறைஞ்ச காட்சி. ஒருத்தரும் பாப்கார்ன் கேக்கல, ஒண்ணுக்குப் போகணும்னு சொல்லல. நல்ல பசங்க."

"இந்த நிழல்னா என்னன்னு எனக்குப் புரியற மாதிரி சொல்லேன். டாக்டர் சொன்னா நெருப்புலேருந்து ஆரம்பிக்கிறாரு."

அவள் சிரித்தாள். "ரொம்பச் சுலபம் சார். நாலு வருஷமா நீங்க எழுதின தொடரைப் பசங்க வீட்ல பாத்தாங்க இல்லையா? அவங்க டி.வி.யைப் பாக்கும்போது டி.வி.யும் அவங்களைப் பாத்துச்சு. முகத்தைச் சேமிக்கக் கூடாது, பேரு கூடாது, பேச்சு கூடாதுன்னு சட்டம். அதனால எப்போ சிரிச்சாங்க, எப்போ அழுதாங்க, எப்போ எழுந்து போனாங்க, கண்ணு எந்தப் பக்கம் போச்சு, இவ்வளவுதான் எடுத்துச்சு. அதை வச்சு மெஷின் அந்தப் புள்ள மாதிரியே ஒரு நிழலைச் செஞ்சுடும். புதுப் படத்தைப் போட்டா, அந்தப் புள்ள எங்க சிரிச்சிருக்குமோ அங்க நிழலும் சிரிக்கும்."

"சிரிக்குமா? சிரிச்ச மாதிரி கோடு போடுமா?"

"கோடுதான். ஆனா மேலிடத்துல சிரிப்புன்னுதான் சொல்லணும்."

"அதுங்களுக்கு வயசு?"

"டி.வி. வாங்கின அன்னிக்கு அப்பா அம்மா என்ன வயசு போட்டாங்களோ அதேதான். ஏறாது. கம்பெனிக்கு அதுதான் சார் வசதி. நிஜப் பசங்க வளர்ந்து தொலைச்சிடுறாங்க." பொரியை ஓரமாக வைத்தாள். "ஆனா இதுலயும் கோளாறு பிடிச்சதுங்க இருக்கு. ஆறு கெடக்கு. வெள்ளிக்கிழமை கடைசிச் சோதனைக்கு முன்னாடி தூக்கிடுவோம். ஒண்ணு எப்பவும் தூங்கிடுது. ஒண்ணு வில்லன் ஜெயிச்சா கை தட்டுது. அது பரவாயில்ல, மந்திரி ஆகும். இன்னொண்ணுதான் சார் எனக்குப் புரியவே இல்ல. 2216."

"என்ன பண்ணுது?"

"காமெடி வந்தா சிரிக்குது. சிரிச்ச உடனே வலது பக்கம் திரும்பிடுது. திரைக்கு வெளிய. முக்கால் நொடி, ஒரு நொடி. மறுபடி திரைக்கு வந்துடுது. ஒவ்வொரு காமெடிக்கும் இப்படி. வலது பக்கத்துல ஒண்ணுமே இல்ல சார், வெறும் வெளி. எட்டு மாசமா பாக்குறோம்."

சற்குணம் திரையின் வலது ஓரத்தைப் பார்த்தார். பிறகு, "எந்த ஊரு?" என்றார்.

"சென்னை. பொண்ணு. ஆறு வயசு. வேற ஒண்ணும் தெரியாது. இன்னொரு கூத்தும் இருக்கு சார். தலைப்புப் பாட்டு ஓடும்போது இதுக்குக் கண்ணு ரெண்டும் இடம் மாறிடுது. இடது கண்ணு வலதாயிடுது, வலது கண்ணு இடதாயிடுது. எஞ்சினியருங்க மூணு தடவை கேமராவைக் குறை சொல்லி எழுதிட்டாங்க."

"கேமராவுல குறை இல்லம்மா," என்றார் சற்குணம். அவர் குரல் அவருக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "அது தலைகீழா இருக்கு. சோபாவோட சாய்மானத்துல காலைத் தூக்கிப் போட்டுட்டு, தலையைக் கீழே தொங்கவிட்டுட்டுப் பாக்குது. பாட்டு முடிஞ்சாத்தான் நேரா உட்காரும்."

"உங்களுக்கு எப்படி சார்…"

"வலது பக்கம் ஒரு பிரம்பு நாற்காலி இருக்கும்," என்றார் சற்குணம். "அதுல ஒருத்தன் உட்கார்ந்திருப்பான்."

தஸ்லிமா அவர் முகத்தைப் பார்த்தாள். அந்தக் கட்டடத்தில் கேள்வி கேட்காமல் இருக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அந்தப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் தான் எழுதிய நகைச்சுவைக்குத் தானே சிரிக்க மாட்டான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பான். அவன் மகள் சம்யுக்தா ஒவ்வொரு முறையும் சிரித்துவிட்டு, அவன் சிரிக்கிறானா என்று திரும்பிப் பார்ப்பாள். "நீ எழுதினதுதானேப்பா, உனக்கே சிரிப்பு வரலையா?" என்பாள். அவன் இன்னும் மூஞ்சியைத் தூக்குவான். அவள் இன்னும் சிரிப்பாள். அவர்கள் வீட்டில் நகைச்சுவை என்பது திரையில் பாதி, பிரம்பு நாற்காலியில் பாதியாக ஓடிக்கொண்டிருந்தது. சம்யுக்தா டெங்குவில் போய் இரண்டு வருடம் ஆகிறது. எட்டு வயது.

*

அவர் மனைவி வாசுகி சாயங்காலம் ரயில் முன்பதிவு அலுவலகத்திலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் அவர் சொன்னதையெல்லாம் கேட்டாள்.

"கம்பெனிக்காரன் நம்ம பொண்ணை வச்சிருக்கானா?"

"பொண்ணு இல்ல வாசு. கோடு."

"கோடுன்னா ஏன் என் முகத்தைப் பாக்க மாட்டேங்குறீங்க?"

அவர் அவள் கைப்பையை வாங்கி ஆணியில் மாட்டினார்.

"யாரைக் கேட்டு எடுத்தான்?"

"என்னைத்தான். டி.வி. வாங்கின அன்னிக்கு அறுபத்தோரு பக்கத்துக்கு நிபந்தனை வந்துச்சு. ஒப்புக்கொள்கிறேன்னு தட்டிட்டேன். பாட்டு ஆரம்பிச்சிடுச்சு, அவ தலைகீழா தொங்கிட்டுக் கத்திட்டிருந்தா."

"சினிமாக்காரங்க ஒப்பந்தத்தை வரிவரியா படிச்சு நாலு திருத்தம் போடுற மனுஷன்," என்றாள் வாசுகி. "வீட்ல மட்டும் தட்டிட்டீங்க." பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு செருப்பைக் கழற்றினாள். "அதுக்கு இன்னும் ஆறு வயசா?"

"ஆமா. ஏறாதாம்."

"பத்து ஆகியிருக்கணும்." இன்னொரு செருப்பைக் கழற்றவில்லை. "வெள்ளிக்கிழமை தூக்கிடுவானா?"

"கோளாறுன்னு தூக்குறாங்க. தூக்கலேன்னாலும், கடைசிச் சோதனை முடிஞ்சு ஒரு வாரத்துல எல்லா நிழலையும் அழிச்சிடணும், சட்டம். அந்த ஒரு காட்சிதான்."

வாசுகி ஒற்றைச் செருப்போடு வந்து சோபாவில் உட்கார்ந்தாள். "பம்பரன் தியேட்டருக்கு எப்போ வருவான், எப்போ வருவான்னு உயிரை எடுத்தாளே. லீவுக்கு வருவான், லீவுக்கு வருவான்னு சொன்னீங்க. எத்தனை லீவு?"

"மூணு."

"அப்போ காட்டுங்க. அது கோடோ குச்சியோ, எனக்குத் தெரியாது. படம் பாக்காம அது போகக் கூடாது. நானும் வருவேன்."

*

டாக்டர் கஜேந்திரன் அறையில் பம்பரனின் வெண்கலச் சிலை ஒன்று இருந்தது. ஆளுயரம். கூர்ந்து பார்த்தால் அதன் முகம் டாக்டரின் முகமாக இருக்கும். சிற்பிக்கு அப்படித்தான் மாதிரி கொடுத்திருந்தார்கள்.

மகளின் கதையை இந்த அறையில் சொல்லக் கூடாது என்று சற்குணம் லிஃப்டிலேயே முடிவு செய்துவிட்டார். சொன்னால் டாக்டர் கண்ணை மூடிக்கொள்வார். பிறகு அதை விளம்பரத்தில் போடலாமா என்று கேட்பார்.

"2216-ஐ வெள்ளிக்கிழமை வரைக்கும் வச்சிருக்கணும் சார்."

"கோளாறாச்சே? ஏன்?"

"ஒரு சென்டிமென்ட்."

இருபத்தைந்து வருடச் சினிமாத் தொழிலில் சற்குணம் கற்றுக்கொண்ட ஒரே மந்திரம் அது. ஏன் பூசணிக்காய், ஏன் ஒன்பது மணி, ஏன் பழைய பேனா என்று எவரும் கேட்க முடியாதபடி வாயடைக்கிற சொல். டாக்டர் அறிவியல் மனிதர். ஆகவே உடனே விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார்.

"ரெண்டும் ரெண்டும் நாலு, அஞ்சு, பதினொண்ணு. ஒண்ணும் ஒண்ணும் ரெண்டு. சந்திரன்!" என்றார். முகத்தில் பக்தி பரவியது. "எனக்கு ஜோசியர் சந்திரனை விடாதேன்னுதான் சொல்லியிருக்காரு. கவிஞரே, உங்களுக்கு உள்ளுணர்வு இருக்கு." பக்தியோடு பக்தியாக, தொழிலும் அவர் கண்ணில் எட்டிப் பார்த்தது. "ஆனா ஒண்ணு. ஒரு கோளாறை உள்ள விட்டா எனக்கு மொத்தக் கணிப்பும் ஆடும். நான் உங்களுக்காக ஒரு படி இறங்குறேன். நீங்க எனக்காக ஒரு படி இறங்கணும்."

மேசை இழுப்பிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினார். ஏற்கெனவே அச்சடித்துத் தயாராக இருந்தது. எழுத்தாளரின் சம்மதத்துடன் முடிவை மாற்றலாம்.

"அவன் எழுந்திருக்கணும். அவ்வளவுதான் கேக்குறேன். பழைய வசனம். உலகத்துக்கே தெரிஞ்ச வசனம். அதை எழுதினதே நீங்கதானேய்யா, உங்களுக்கு என்ன கஷ்டம்?"

என்ன கஷ்டம் என்று அவருக்குத் தெரிய வழியில்லை. ஆஸ்பத்திரியில் சம்யுக்தாவுக்குக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்த அந்த இரண்டு நாளில் அவள் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்தாள். கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் கிடப்பாள். அவர் பயந்து குனிந்து, "சம்மு" என்பார். பதில் இருக்காது. அவர் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். ஐந்தில் கண்ணைத் திறந்து, "சும்மா படுத்திருந்தேன்!" என்பாள். செவிலி வந்து இருவரையும் சேர்த்துத் திட்டினாள். அப்படி மூன்று தடவை செய்தாள். நான்காவது தடவையும் அவர் எண்ணினார். ஐந்துக்குப் பிறகு, தான் வேகமாக எண்ணிவிட்டோமோ என்று, மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினார்.

பதினொரு மாதமாக அவர் விட்டுக்கொடுக்காதது அந்த இரண்டாவது எண்ணிக்கையைத்தான். உலகத்தில் எங்காவது ஓரிடத்தில், திரையிலாவது, அது நடந்தபடியே இருக்கட்டும் என்று நினைத்தார்.

"2216 படம் முழுக்க இருக்குமா?" என்று கேட்டார்.

"பெயர்ப்பட்டியல் ஓடி முடியிற வரைக்கும்."

சற்குணம் கையெழுத்துப் போட்டார். புதிய முடிவை அங்கேயே, டாக்டரின் பேனாவில், நான்கு நிமிடத்தில் எழுதிக் கொடுத்தார். பம்பரன் ஐந்தில் எழுந்து, வசனத்தைச் சொல்லி, பளிச்சென்று பல்லைக் காட்டினான்.

"பாத்தீங்களா," என்றார் டாக்டர், "நல்ல கலை எப்பவுமே சீக்கிரம் வரும்."

*

வெள்ளிக்கிழமை காலை வாசுகி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். தியேட்டருக்குப் போவதென்றால் அவள் அப்படித்தான் போவாள். கதவில் விரலை ஆட்டிக்கொண்டிருந்த பம்பரனையும், கீழே எழுதியிருந்ததையும் படித்தாள்.

"நல்ல கம்பெனி," என்றாள்.

உள்ளே பெரிய திரையில் படம். பக்கத்தில் சின்னத் திரையில் கோடுகள். தஸ்லிமா மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 2216-ன் கோட்டை மட்டும் பெரிதாக்கி வைத்திருந்தாள். யாரும் சொல்லாமலே இன்னொன்றும் செய்திருந்தாள். சின்னத் திரைக்கு வலது பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டிருந்தாள்.

"நீங்க இங்க சார்," என்றாள். "அம்மா, நீங்க எங்க வேணாலும் உட்காருங்க."

"நான் எப்பவும் சமையலறை வாசல்லதான் நின்னு பாப்பேன்," என்றாள் வாசுகி. கதவோரமாக நின்றுகொண்டாள்.

பாட்டு ஆரம்பித்தது. கோட்டின் இரண்டு கண் புள்ளிகளும் இடம் மாறின.

"தொங்குறா," என்றாள் வாசுகி. "கழுதை. ரத்தம் தலைக்கு ஏறும்னு எத்தனை தடவை சொன்னேன்."

துரு டாக்டர் தவறுதலாகத் தன் மீசையையே துருப்பிடிக்க வைத்துக்கொண்ட இடத்தில் கோடு துள்ளியது. துள்ளி முடிக்கும் முன்பே புள்ளிகள் வலது பக்கம் ஓடின. சற்குணம் அந்த நாற்காலியில், பழைய வழக்கப்படி, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கோடு இன்னொரு முறை துள்ளியது. அவர் முகத்துக்கும் கோட்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது, இயந்திரத்துக்கு அறையில் யார் இருக்கிறார்கள் என்றே தெரியாது என்பதை தஸ்லிமா அறிவாள். சொல்லவில்லை.

"திரும்பிட்டா!" என்றாள் வாசுகி. "ஏங்க, திரும்பிட்டாங்க!"

"தெரியுது. பேசாம இரு."

"நான் என் பொண்ணோட சினிமாவுக்கு வந்திருக்கேன், பேசத்தான் செய்வேன்."

ஒரு மணி நாற்பது நிமிடம். ஐம்பத்தேழு முறை கோடு சிரித்தது, ஐம்பத்தேழு முறை வலது பக்கம் திரும்பியது. வாசுகி எண்ணினாள். பூமி நின்றது. பம்பரன் அதைச் சுழற்றினான். தள்ளாடினான். விழுந்தான். குழந்தைகள் எண்ணினார்கள். ஐந்து.

"விழுந்துட்டேன்னு நெனச்சியா? சும்மா படுத்திருந்தேன்!"

நாலாயிரத்துத் தொண்ணூறு நிழல்கள் கை தட்டின. 2216-ன் கோடு கீழே போயிற்று. போய்க்கொண்டே இருந்தது. அழுகை. பெயர்ப்பட்டியல் ஓடி முடியும்வரை நிற்கவில்லை. புள்ளிகள் வலது பக்கம் திரும்பவும் இல்லை.

சுவரிலிருந்த பேசியில் டாக்டரின் குரல் வந்தது. "யாரும்மா அது அழுறது? எல்லாரும் கை தட்டுற இடத்துல யாரு அழுறது? சந்திரனா? காரணம் எழுதி அனுப்பு, உடனே. பற்பசைக்காரர் பக்கத்துல உட்கார்ந்திருக்காரு."

வாசுகி கதவோரத்திலிருந்து வந்தாள். "ஏம்மா, அவ இந்தத் தொடரைப் பாத்து அழுததே இல்லையே. ஒரு தடவைகூட. அந்த வசனம் வந்தா குதிப்பா. ஏன் அழுறா?"

"பாக்குறேம்மா," என்ற தஸ்லிமா பழைய பதிவுகளைத் திறந்தாள். சற்குணம் எழுந்து, "வேணாம்மா, விடு" என்று சொல்வதற்குள் அவள் படிக்கத் தொடங்கிவிட்டாள்.

"முதல் ரெண்டு வருஷம் அழுகையே இல்ல. எல்லாம் சிரிப்பு, வலது பக்கம். அப்புறம் ஒரு மாசம் ஒண்ணுமே பதிவாகல. அப்புறம்… இந்த ரெண்டு வருஷமா தினமும் காலைல ஆறே முக்காலுக்கு ஒரு பகுதி. சிரிப்பு இல்ல. தலைகீழா இல்ல. வலது பக்கமும் இல்ல. கடைசி வசனத்துக்கு மட்டும் அழுகை. முந்நூத்திப் பன்னிரண்டும் முடிச்சு, மறுபடி முதல்லேருந்து. போன செவ்வாய்க்கிழமைகூட…"

அங்கே நிறுத்தினாள்.

"அவ இறந்து ரெண்டு வருஷம் ஆச்சே," என்றாள் வாசுகி. அதைச் சொல்லி முடிக்கும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. "ஆறே முக்கால். நான் ஆறரைக்கு ரயிலுக்குக் கிளம்பிடுவேன்."

சற்குணம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க நடைக்குப் போறேன்னு சொன்னீங்க."

"போகணும்னுதான் கிளம்புவேன்."

"ஷூவெல்லாம் மாட்டிட்டு நிப்பீங்களே."

"மாட்டிட்டுத்தான் பாப்பேன். முடிஞ்ச உடனே போகலாம்னு." பிறகு, "டி.வி.யைப் போட்டா, யார் பார்க்கிறீங்கன்னு கேக்கும். அவ படமும் இருக்கும், நம்ம படமும் இருக்கும். அவ படத்தையே தட்டிடுவேன். தட்டாம விட்டா, ரொம்ப நாளா வரலையே, எடுத்துடலாமான்னு அது கேக்கும்."

வாசுகி அவர் வயிற்றைப் பார்த்தாள். "ரெண்டு வருஷமா நடந்தும் தொப்பை குறையலையேன்னு டாக்டர்கிட்ட தைராய்டு பாக்கச் சொன்னேன்," என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தஸ்லிமாவிடம் திரும்பினாள். "சிரிச்சது அவதானேம்மா?"

"சிரிச்சது, திரும்பினது, தலைகீழா தொங்கினது எல்லாம் அவங்கதாம்மா. அதுல சந்தேகமே இல்ல."

"அழுகை?"

தஸ்லிமா சற்குணத்தைப் பார்த்தாள். வாசுகி அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில், பட்டுப்புடவையோடு, உட்கார்ந்தாள்.

பேசியில் மறுபடி டாக்டர். "தஸ்லிமா! காரணம் எங்கே?"

தஸ்லிமா படிவத்தைத் திறந்தாள். 'அழுத பார்வையாளரின் வயது' என்று கேட்டது. நிரப்பாமல் அடுத்த கட்டத்துக்குப் போக விடவில்லை. பட்டியல் மூன்றில் தொடங்கிப் பன்னிரண்டில் முடிந்தது.

சற்குணத்துக்கு வயது நாற்பத்தாறு. அவள் பன்னிரண்டைப் போட்டாள்.